ஏழு புள்ளிகளும் ஒரு படகும்

பிராக் நகரத்திலிருந்து மிலான் என்பவன் அனுப்பிய திருத்தத்தில் ஸுல்பிகாவால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. குறை கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பொறுப்பு. விடியச் சுபஹு தொழுதுவிட்டு, கிண்ணியாவில் தன் வீட்டு விறாந்தையை ஒட்டிய சின்ன அறையில் லப்டொப்பைத் திறந்தால், கொழும்புக் கம்பனிக்குச் செய்யும் சம்பள வேலை தொடங்கும்வரை அவள் உட்கார்ந்து பார்ப்பது இப்படியான திருத்தங்களைத்தான். இதற்கு அவளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

ஒரு கருவிக்குள் ஓடும் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து வேலை செய்வது கேர்னல். ஸுல்பிகா பார்த்துக்கொண்டது பல நாட்டுக்காரர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாவிக்கலாம் என்று விட்ட ஒரு கேர்னலில் ஒரு மூலையை. தண்ணீர் மானி, லிப்ட், குளிரூட்டி போன்ற சின்னக் கருவிகளுக்கென்றே அது எழுதப்பட்டிருந்தது. அவளுடைய மூலை மிகவும் அடியில் இருந்தது: நினைவகத்தில் ஓர் இடத்தில் உள்ளதை இன்னோர் இடத்துக்குப் பிரதி பண்ணுவது, ஓர் இடத்தைத் துடைத்து நிரப்புவது, இரண்டு இடங்களை ஒப்பிடுவது. எல்லாம் சேர்த்தாலும் சில பக்கங்கள்தான் வரும். முன்பு அதைப் பார்த்தவர் வேறு வேலைக்குப் போனபோது, அங்கே அடிக்கடி திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தவள் இவள் என்பதால் பொறுப்பு இவள் பெயருக்கு வந்து சேர்ந்தது.

அவளுடைய கணவன் அஸீம் சொந்தக்காரரிடம் "அவ ஞாபகத்தப் பாக்குற வேல செய்றா" என்று சொல்லி வைத்திருந்தான். அதைக் கேட்டு, மறதி பிடித்த தன் மாமியாரைக் கூட்டி வரட்டுமா என்று மூதூரிலிருந்து ஒருத்தி போன் எடுத்ததும் உண்டு. அஸீம் விளக்கப் போய் விஷயத்தை இன்னும் சிக்கலாக்கினான். கடைசியில் அந்த மாமியாருக்கு ஒரு நல்ல டொக்டரின் பெயரைச் சொல்லி ஸுல்பிகாதான் கதையை முடித்தாள்.

பிரதி பண்ணுவதற்கு அந்தக் கேர்னலில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றின் பெயர் மெம்மூவ். எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தால், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் பழையது அழியாது என்று பார்த்து அது வேலையைச் செய்யும். மற்றது மெம்கொப்பி. அது எதையும் பார்க்காது. இரண்டு இடமும் வேறு வேறு என்று நம்பி வேகமாக அள்ளிப் போடும். இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் மெம்கொப்பியைக் கூப்பிடக் கூடாது என்பது விதி. இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் முதல் வருடத்திலேயே படிப்பிக்கப்படுகிற விதி.

பழைய மெம்கொப்பி முன்னாலிருந்து பின்னாக அள்ளியது. மிலான் அதைப் பின்னாலிருந்து முன்னாக அள்ள வைத்திருந்தான். மலிவான கருவிகளில் அதிகம் பாவிக்கப்படும் ஒரு புரொசெசரில் அப்படிச் செய்தால் வேகம் நன்றாகக் கூடியது. ஸுல்பிகா தன் மேசையில் இருந்த மின்சுற்றுப் பலகைகளில் அதை ஓட்டிப் பார்த்தாள். சோதனைகள் எல்லாம் சரியாக வந்தன. கேர்னலை எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவில் நோர்வேக்காரர் ஒருவர் மட்டும் ஒரு வரி கேட்டிருந்தார்: யாராவது பழைய வரிசையை நம்பி எழுதியிருந்தால்?

ஸுல்பிகா பதில் எழுதினாள். விதியை மீறி எழுதியவர்களுக்காக விதிப்படி எழுதியவர்கள் மெதுவாக ஓட வேண்டியதில்லை என்று. பலர் அதை ஆமோதித்தார்கள். நோர்வேக்காரர் மறுபடி எழுதவில்லை. அவள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டாள். அது பெப்ரவரியில். அடுத்த பதிப்போடு அது வெளியே போயிற்று. அதற்குப் பின் வேறு திருத்தங்கள் வந்தன; அவள் அதை மறந்துபோனாள்.

ஒக்டோபர் கடைசியில், வாடைக் காற்று பிடிக்கத் தொடங்கியிருந்த நாட்களில், ஒரு காலை அவளுடைய தம்பி ஸாஜித் போன் எடுத்தான். அவன் திருகோணமலை டவுனில், துறைமுகத்தை ஒட்டி இருந்த படகு உரிமையாளர் சங்கத்தின் ரேடியோ அறையில் வேலை செய்தான்.

"ராத்தா, வேலையா இருக்கீங்களா?"

"சொல்லு."

"குச்சவெளிப் போட் ஒண்டு நேத்துக் காலையில வந்திருக்கோணும், வரல்ல. மூணு பேர். பெட்டி ஒரு இடத்தக் காட்டுது. நம்மட ஆக்கள் விடியவே அங்க போய்ட்டாங்க. போனா அந்த இடத்தில ஒண்டுமே இல்ல. பெட்டி பொய் சொல்லுதா எண்டு வந்து பாக்க ஏலுமா?"

அவன் அவளைக் கூப்பிட்டது அவளுடைய கேர்னலுக்காக அல்ல. அந்தப் பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. கம்பியூட்டர் தெரிந்த ஆள் வேண்டும், ராத்தாவுக்குக் கம்பியூட்டர் தெரியும், அவ்வளவுதான். ஸுல்பிகா கொழும்புக்கு அரை நாள் லீவு சொல்லி எழுதிவிட்டு, லப்டொப்பைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற பஸ்ஸைப் பிடித்தாள்.

ரேடியோ அறையில் சங்கச் செயலாளர் அலியார் மேசையில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். ஒரு காலத்தில் சொந்தமாகப் படகு வைத்திருந்தவர்; அண்ணன் முறை வைத்து எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிறவர். எந்தப் படகு எங்கே தேடுவது என்று முடிவு சொல்லவேண்டியவரும் அவர்தான். ஸுல்பிகாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மூலையில் கிடந்த ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. இடையிடையே கடலிலிருந்து யாரோ "இல்ல, ஒண்டுமில்ல" என்று சொல்வது கேட்டது.

ஸாஜித் விளக்கினான். ஒவ்வொரு படகிலும் ஒரு பெட்டி பூட்டியிருக்கிறது. கொழும்பில் உள்ள வேறு ஒரு கம்பனி செய்து விற்ற பெட்டி. படகு நிற்கும் இடத்தை அது மணிக்கொரு தரம் எடுத்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது எடுத்த உடனேயே கரைக்கு அனுப்பும். எஞ்சின் நின்றுவிட்டால், பற்றரியை மிச்சம் பிடிக்க, அரை நாளுக்கு ஒரு தரம்தான் அனுப்பும். அப்போது கடைசியாக எடுத்த எட்டு இடங்களையும் சேர்த்து அனுப்பும். ஞானசேகரம் என்பவரின் படகிலிருந்து அப்படி ஒரு செய்தி முந்தின நாள் பின்னேரம் வந்திருந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பற்றரி தீர்ந்திருக்க வேண்டும்.

"நிண்ட இடத்திலயே நிக்குது எண்டு திரை காட்டுது," என்றான் ஸாஜித். "நங்கூரம் போட்டிட்டாங்க எண்டு நினைச்சம்."

"அந்த இடத்தில நங்கூரம் எட்டாது," என்றார் அலியார். "பாதாளம் அது. வலை எதிலயும் மாட்டி நிக்குதோ எண்டு பாத்தன். அதுவும் சரியா வருதில்ல."

"திரையில வாறத விடு," என்றாள் ஸுல்பிகா. "பெட்டி அனுப்பின இலக்கங்கள அப்படியே காட்டு."

ஸாஜித் தேடி எடுத்தான். எட்டு வரிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அகலாங்கு, ஒரு நெட்டாங்கு. முதல் ஏழு வரிகளும் கடைசித் தசம இலக்கம் வரைக்கும் ஒன்றாக இருந்தன. எட்டாவது கொஞ்சம் விலகி இருந்தது. மற்ற ஏழோடும் ஒத்துப்போகாத ஒரு புள்ளியை, வானத்தில் சுற்றும் செய்மதியின் தடுமாற்றம் என்று கணக்கிட்டு, கரையில் இருந்த மென்பொருள் அதைத் தள்ளிவிட்டிருந்தது.

அவள் அந்த ஏழு வரிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, ராத்தா?"

"கல்லுல கட்டி வச்ச பெட்டிகூட இப்படி ஒரே இலக்கம் தராது. செய்மதியில இருந்து வாற இலக்கம் எப்பவும் கொஞ்சம் ஆடும். கடல்ல மிதக்கிற போட் எப்படி ஏழு மணித்தியாலம் ஒரு முழம்கூட அசையாம நிக்கும்?" அவள் லப்டொப்பை வெளியே எடுத்தாள். "இது கடல்ல இருந்து வந்த இலக்கமில்ல. பெட்டிக்குள்ளயே பிரதியாகி இருக்கு. மிச்சப் பெட்டி ஏதும் இங்க இருக்கா?"

அலுமாரியில் இரண்டு இருந்தன. பழுதானால் மாற்றிக் கொடுக்க வைத்திருந்தவை. ஒன்றை எடுத்து வயரைக் கொழுவி உயிர் கொடுத்தபோது, லப்டொப்பில் அது தன் தொடக்க வரிகளை எழுதிக்கொண்டு போயிற்று. முதல் வரியில் கேர்னலின் பெயரும் பதிப்பும் வந்தன. பெப்ரவரிக்குப் பிறகு வந்த பதிப்பு.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெரிந்த ஒருவரின் விலாசத்தை வாசித்ததுபோலத்தான் இருந்தது. அடுத்த வரியில், மிலான் வேகம் கூட்டிய அதே புரொசெசரின் பெயர் வந்த பிறகுதான் அவள் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது நீங்க பாக்குற சாமானெல்லோ?" என்று ஸாஜித் கேட்டான். அந்தப் பெயரை அவன் அவளுடைய வீட்டில் கேட்டிருக்கிறான்.

"ஓம்."

அலியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, இது உங்கட பிழையா?"

"அத பிறகு கதைப்பம், காக்கா. முதல்ல இது சரியா எண்டு பாக்கோணும். ஸாஜித், இந்தப் பெட்டிய மணிக்கொரு தரம் இல்லாம, நிமிஷத்துக்கு ஒரு தரம் இடம் எடுக்க வைக்க ஏலுமா?"

ஏலும். பெட்டிகளைப் பூட்டும்போது சோதிப்பதற்கென்று கம்பனியே அப்படி ஒரு வழி வைத்திருந்தது; அதில் எட்டு இடங்கள் சேர்ந்ததும் பெட்டி அனுப்பிவிடும். ஸாஜித் பெட்டியையும் ஒரு பற்றரியையும் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, துறைமுக வீதி வழியே மீன் சந்தைப் பக்கம் மிதித்துப் போனான். வெயிலில் யாரோ அவனை நிறுத்தி என்ன விற்கிறாய் என்று கேட்டதாகப் பிறகு சொன்னான். ஸுல்பிகா அறைக்குள் இருந்து வரிகளை எதிர்பார்த்தாள். அவன் திரும்பி வரும் வழியில் பெட்டி எட்டு இடங்களையும் அனுப்பியது. முதல் ஏழும் ஒன்று. எட்டாவது வேறு. சைக்கிளில் போனவன் ஒரே இடத்தில் நின்றுவிட்டு, கடைசியில் மட்டும் ஓர் எட்டு எடுத்து வைத்தவன்போல இருந்தது.

கம்பனிக்காரர் எழுதியதை அவள் பார்த்ததில்லை. ஆனால் என்ன எழுதியிருப்பார்கள் என்று இப்போது அவளால் சொல்ல முடிந்தது. எட்டு இடங்களையும் ஒரு வரிசையில் வைத்திருக்கிறார்கள். புதியது வந்தால் எல்லாவற்றையும் ஓர் இடம் முன்னுக்குத் தள்ளிவிட்டுக் கடைசியில் புதியதை எழுத வேண்டும். எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் ஒன்றின்மேல் ஒன்று படிகிற வேலை. மெம்மூவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மெம்கொப்பியைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அலியாருக்கு அவள் இப்படிச் சொன்னாள்:

"எட்டுப் பலகை வரிசையா இருக்கு எண்டு வைங்க, காக்கா. ஒவ்வொண்டிலயும் ஒரு இடம் எழுதியிருக்கு. புதுசு வந்தா, ஒவ்வொரு பலகையில உள்ளதயும் அதுக்கு முன்பலகையில எழுதோணும். முன்னால இருந்து தொடங்கினா ஒரு கரைச்சலும் இல்ல. கடைசியில இருந்து தொடங்கினா? எட்டாவது பலகையில உள்ளது ஏழாவதுக்குப் போகும். ஏழாவதில இப்ப இருக்கிறதும் அதுதான், அது ஆறாவதுக்குப் போகும். கடைசியில எல்லாப் பலகையிலயும் ஒரே எழுத்து."

"முந்தி முன்னால இருந்து எழுதின. இப்ப பின்னால இருந்தா?" என்று அலியார் கேட்டார்.

"ஓம். அந்த மாத்தம்தான்."

"அப்ப இவ்வளவு நாளா ஒருத்தருக்கும் விளங்கல்லியே."

"எஞ்சின் ஓடினா புதுசா எடுத்த இடம் மட்டும்தான் வரும், அது சரியாத்தான் இருக்கும். எட்டும் சேர்ந்து வாறது எஞ்சின் நிண்டாத்தான்; அது எத்தின தரம் நடக்கும்?"

அலியார் சுவரில் தொங்கிய கடல் வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார். ரேடியோவில் ஒருவர் இன்னும் கிழக்கே போகட்டுமா என்று கேட்டார். அலியார் பொறுக்கச் சொன்னார்.

"ஏழு புள்ளி ஒரு இடத்தச் சொல்லுது. ஒரு புள்ளி வேற இடத்தச் சொல்லுது. நீங்க அந்த ஒண்ட நம்பச் சொல்றீங்க."

"ஏழும் ஒரே புள்ளிதான், காக்கா. ஏழு பேர் வந்து சொன்ன மாதிரி இருக்கு. சொன்னது ஒரு ஆள்தான். நமக்குக் கையில இருக்கிறது ரெண்டு இடம். ரெண்டுக்கும் இடையில ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தில போட் தெற்காக நகர்ந்திருக்கு, இஞ்ச பாருங்க, இவ்வளவு தூரம்."

"நிச்சயமா?"

"பெட்டியப் பத்தி நிச்சயம். கடலப் பத்தி நீங்கதான் சொல்லோணும்."

அவர் விரலால் வரைபடத்தில் அளந்தார். வாடை, நீரோட்டம், நேற்றுப் பின்னேரத்திலிருந்து இப்போதுவரை போன நேரம். விரல் கொட்டியாரக் குடாவின் வாயைத் தாண்டி, வெருகல் பக்கம் போய் நின்றது. நிறையத் தூரம். கணக்குத் தவறினால், தேடும் படகுகளை இல்லாத இடத்துக்கு அனுப்பியதாகிவிடும். அவர் ரேடியோவை எடுத்து, இரண்டு படகுகளை அங்கேயே நிற்கச் சொல்லி, மற்றவற்றைத் தெற்கே திருப்பினார். பிறகு ஈச்சிலம்பற்றில் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் எடுத்து, அங்கிருந்தும் வள்ளங்கள் வெளிக்கிட முடியுமா என்று கேட்டார்.

ஸுல்பிகா அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஸாஜித் வாங்கி வந்த சோற்றுப் பார்சலில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு அவள் கிண்ணியாவுக்குத் திரும்பினாள். பின்னேரம் கொழும்புக் கம்பனிக்கு ஒரு பற்றுச்சீட்டு மென்பொருளில் இருந்த பிழையைத் திருத்திக் கொடுத்தாள். அஸீம் என்ன நடந்தது என்று கேட்டபோது, ஒரு போட்டைத் தேடுகிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஈச்சிலம்பற்றிலிருந்து போன வள்ளம் ஒன்று அவர்களைக் கண்டுபிடித்தது. வெருகல் முகத்துக்கு வெளியே, அலியாரின் விரல் நின்ற இடத்துக்கு இன்னும் தெற்கே. ஞானசேகரமும் இன்னொருவரும் நடந்து கரையேறினார்கள். மூன்றாவது ஆளான யதுர்சன், ஞானசேகரத்தின் மருமகன், தண்ணீர் தீர்ந்த பிறகு கடல்தண்ணீரைக் குடித்திருந்தான். அவனை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். சிறுநீரகத்தைப் பற்றி டொக்டர்கள் உடனே ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த காலை ஸுல்பிகா மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினாள். படகைப் பற்றி ஒரு பந்தி, மெம்கொப்பியைப் பற்றி இரண்டு பந்தி. அழுத்தமான சொல் ஒன்றும் போடவில்லை. மிலானின் திருத்தத்தைத் திரும்பப் பெறப் போவதாகவும், இனி மெம்கொப்பியும் மெம்மூவைப்போல இடங்களைப் பார்த்துவிட்டே பிரதி பண்ணும் என்றும், அதனால் வேகம் சற்றுக் குறையும் என்றும் எழுதினாள்.

மிலானின் பதில் மரியாதையாக இருந்தது. மூன்று பேரும் உயிரோடு இருப்பதில் நிம்மதி என்று தொடங்கினான். பிறகு, பிழை பெட்டிக் கம்பனியுடையது, கேர்னலுடையது அல்ல என்றான். விதி தெளிவாக இருக்கிறது. விதியை மீறியவர்கள் தங்கள் நிரலைத் திருத்தட்டும். அவர்களுக்காக நாம் வளைந்து கொடுத்தால் நாளைக்கு எந்த விதிக்கும் அர்த்தம் இருக்காது. அவன் எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் அவள் பெப்ரவரியில் எழுதியதுதான். அவள் அதை இன்னும் பிழை என்று நினைக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பிழை என்று தோன்றியிருந்தால் பதில் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

பெட்டிக் கம்பனியும் ஒரு கடிதம் அனுப்பியது. கேர்னலைப் புதுப்பிப்பதற்கு முன் தங்கள் பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன என்று அதில் இருந்தது. அதுவும் உண்மை.

நாட்கணக்காக வாதம் ஓடியது. சிலர் மிலானோடு நின்றார்கள், சிலர் அவளோடு. புதிதாகச் சொல்ல அவளிடமும் ஒன்றும் இல்லாதபடியால், கடைசியில் இப்படி எழுதினாள்: "விதி சரி. ஆனால் இது அடியில் கிடக்கிறது. இதன்மேல் யார் நிற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் நாங்கள் இருப்பது தெரியாது. நான் மாற்றத்தைச் செய்கிறேன்." செய்தாள். மிலான், இனித் தன் நேரத்தை வேறு ஒரு திட்டத்துக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்து, அவளுக்குத் தனியே நன்றி சொல்லிவிட்டுப் போனான். நல்ல கைகாரன். அவனுடைய இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை.

கம்பனி தன் நிரலையும் திருத்தி, புதிய கேர்னலையும் சேர்த்து அனுப்பியபோது, கரையோரம் உள்ள படகுகளின் பெட்டிகளுக்கு அதை ஏற்றும் வேலை ஸாஜித்தின் தலையில் விழுந்தது. குச்சவெளிக்குப் போகிற நாளில் ஸுல்பிகாவும் அவனோடு பஸ் ஏறினாள். போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஞானசேகரத்தின் வீட்டில் பெட்டி குசினி அலுமாரிக்கு மேலே, மாவு டின்னுக்குப் பக்கத்தில் கிடந்தது. உப்பில் வெடித்த அவருடைய உதடுகள் இன்னும் முழுதாக ஆறவில்லை. அவருடைய மனைவி கனகம்மா வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"இந்தச் சனியன இனிப் போட்டில ஏத்த வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"பெட்டி இல்லாம கடலுக்கு விடமாட்டாங்கள்," என்றார் ஞானசேகரம். "வாங்கோ பிள்ளை, இருங்கோ."

ஸாஜித் பெட்டியைக் கீழே இறக்கி வயரைக் கொழுவினான். அப்டேட் ஏறிக்கொண்டிருந்தது. ஸுல்பிகா யதுர்சனைப் பற்றி விசாரித்தாள். வீட்டுக்கு வந்துவிட்டான், கிழமைக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகிறான் என்றார் அவர். பிறகு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"எஞ்சின் நிண்டதும் நான் பயப்படேல்ல, பிள்ளை. பெட்டியில பச்சை லைட் மினுங்கிக்கொண்டு இருந்தது. கரையில எங்களப் பாத்துக்கொண்டு இருக்கினம், விடிய வந்திடுவினம் எண்டு பொடியளுக்குச் சொன்னனான். அந்தப் பேச்சாலதான் தண்ணியையும் மிச்சம் பிடிக்கேல்ல. விடிஞ்சா வருவினம்தானே எண்டு எல்லாத்தையும் குடிச்சு முடிச்சிட்டம். லைட் மட்டும் இல்லையெண்டா முதல் மணித்தியாலத்திலயே தண்ணிக் கானை மூடி வச்சிருப்பன்."

ஸுல்பிகா மின்னஞ்சல் குழுவுக்கு எழுதிய எதிலும் இது இருக்கவில்லை.

"இந்தப் பெட்டிக்குள்ள ஓடுறதில ஒரு சின்னத் துண்டு நான் பாக்குறது," என்றாள். "மற்றாக்கள் மாத்தி அனுப்புவாங்க, நான் பாத்து ஏத்துக்கொள்ளுவன். அப்படி ஒரு மாத்தத்தாலதான் இலக்கம் பிழைச்சுது."

"மாத்தினது பிழையோ?"

"பிழை எண்டு சொல்ல ஏலாது. பெட்டி செஞ்ச ஆக்கள் முந்தியே பிழையா எழுதியிருந்தாங்க. அது பிழை எண்டு தெரியாமலே ஓடிக்கொண்டு இருந்திருக்கு. நான் மாத்தினதும் வெளியில வந்திட்டுது."

கனகம்மா இப்போது வாசலை விட்டு உள்ளே வந்திருந்தாள். "அவங்கள் பிழையா எழுதினது உங்களுக்கு முதல் தெரியுமோ?"

"இல்ல. அவங்க எழுதினத வெளியில ஒருத்தருக்கும் காட்டுறதில்ல."

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமோ?"

"பாக்க வழியில்ல. ஆனா, இப்படி மாத்தப் போறம், ஆருக்கும் கரைச்சல் வருமா எண்டு சத்தமாக் கேட்டிருக்கலாம். நான் கேக்கல்ல. கேட்டவருக்கும் விதியத்தான் சொன்னன்."

கனகம்மா அவளை ஒரு முறை பார்த்தாள். கோபமா, இல்லையா என்று ஸுல்பிகாவுக்குப் பிடிபடவில்லை. பிறகு குசினிப் பக்கம் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள். சீனி போடுவதா என்று அங்கிருந்து கேட்டாள். ஸுல்பிகா ஓம் என்றாள்.

பிளேன் ரீயைக் குடித்து முடிக்கும்போது அப்டேட்டும் முடிந்திருந்தது. ஞானசேகரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிச் சரியோ?"

"என்ட பக்கம் சரி. கம்பனியும் அவங்கட பக்கத்தத் திருத்தியிருக்கு எண்டு சொல்றாங்க. ஆனா, ஐயா, லைட் எரியுது எண்டா பெட்டி அனுப்புது எண்டு மட்டும்தான் அர்த்தம். கரையில ஆக்களுக்கு விளங்கிட்டுது எண்டு அர்த்தமில்ல. தண்ணிய மிச்சம் பிடிங்க."

அவர் சிரித்தார். உதடு வலித்திருக்க வேண்டும், உடனே நிறுத்திக்கொண்டார். "அத இனி ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்ல, பிள்ளை," என்றார். அவர்களோடு பஸ் நிற்கும் இடம்வரைக்கும் நடந்து வந்தார்.

ஸாஜித் அடுத்த ஊரில் இறங்கிக்கொண்டான். அங்கேயும் பெட்டிகள் இருந்தன. ஸுல்பிகா தனியே நிலாவெளியைத் தாண்டி டவுனுக்கு வந்து, மாறி ஏறி வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து, புதிய திருத்தங்களை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் வேறொரு வேலையைத் தொடங்கினாள். அந்தக் கேர்னலுக்குள்ளும் அதோடு சேர்ந்து வெளியாகும் நிரல்களுக்குள்ளும் எங்கெங்கே மெம்கொப்பி கூப்பிடப்படுகிறது என்று தேடி எடுத்து, ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் வாசித்தாள். இயந்திரத்தால் பிடிக்கக்கூடியவற்றை இயந்திரத்துக்கு விட்டாள், மிச்சத்தை வாசித்தாள். ஆயிரக்கணக்கில் இருந்தன. மிகப் பெரும்பாலானவை சரியாக இருந்தன. சிலது சரியில்லை. ஒரு கதவுப் பூட்டுக்கான நிரலில் ஒன்று, வயலுக்குத் தண்ணீர் திறக்கிற வால்வுக்கான நிரலில் ஒன்று. அவற்றை எழுதியவர்களைத் தேடி, உங்கள் நிரல் என் புதிய மாற்றத்தால் இனிப் பிழை விடாது, ஆனால் இதைத் திருத்திவிடுங்கள் என்று தனித்தனியே எழுதினாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், இவ்வளவு காலமும் வேலை செய்ததே, ஏன் தொடவேண்டும் என்று கேட்டார். பலர் பதில் எழுதவில்லை. சில விலாசங்கள் செத்துப்போயிருந்தன.

நோர்வேக்காரரிடமிருந்து ஒரு நாள் ஒரு வரி வந்தது. வால்வு நிரலைத் தான் பார்த்துத் திருத்திவிடுவதாக. பெப்ரவரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாரி மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்ப் போய் வந்தது. அஸீம் அவளுக்கென்று ஒரு பழைய பற்றரியைச் சீர்செய்து அறைக்குள் கொண்டுவந்து வைத்தான். விறாந்தைக் கூரையில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவள் ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தாள். தை பிறந்து மழை விட்டபோது அவள் இன்னும் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.